காற்றுக்குக் கீழே உள்ள நாட்டில் நெடுஞ்சாலைக் காற்று



தமிழ்ப்பள்ளிகளின் அறிவியல் விழாக்களுக்கும் புத்தாக்கப் போட்டிகளுக்கும் சென்று வருவோர் ஒரு படைப்பை அடிக்கடி கண்டிருப்பர். அட்டையில் செய்த நெடுஞ்சாலை. அதன்மேல் இரண்டு மூன்று பொம்மை லோரிகள். சாலையின் நடுவே நெகிழிப் புட்டியை நீளவாக்கில் அறுத்துச் செய்த சுழலிகள். ஓரத்தில் ஒரு சிறு விளக்கு. வாகனங்கள் விரையும்போது எழும் காற்று வீணாகிறது என்றும், அதனைக் கொண்டு மின்சாரம் எடுத்துச் சாலை விளக்குகளை எரிக்கலாம் என்றும் மாணவர் தெளிவாக விளக்குவார். பொம்மை லோரியால் காற்றை எழுப்ப இயலாதாகையால் மேசையோரத்தில் ஒரு மின்விசிறி இருக்கும். விசிறியைத் தட்டியதும் சுழலி சுற்றும், விளக்கு எரியும், நடுவர்கள் கைதட்டுவர்.

அந்த விசிறியின் கம்பி எங்கே சொருகப்பட்டிருக்கிறது என்பதை எவரும் பார்ப்பதில்லை. ஏறத்தாழ 50 வாட் மின்சாரம் உண்ணும் விசிறி, 0.06 வாட்டில் ஒளிரும் சிறு விளக்கை எரிக்கிறது. எண்ணூறு கொடுத்து ஒன்று பெறும் வாணிகம்!

மாணவரைக் குறை சொல்வதற்காக இதனை எழுதவில்லை. போர்ட் கிள்ளானில் வளரும் பிள்ளைக்கு இந்த எண்ணம் தோன்றாவிட்டால்தான் வியப்பு. 2023ஆம் ஆண்டில் இத்துறைமுகம் இருபதடிப் பெட்டிக் கணக்கில் 1 கோடியே 40 இலட்சம் கொள்கலன்களைக் கையாண்டது. அவற்றுள் பெரும்பகுதி ஒரு கப்பலிலிருந்து மற்றொரு கப்பலுக்கே மாறிச் செல்பவை. எஞ்சியவை நம் சாலைகளில்தான் வருகின்றன, போகின்றன. பண்டமாரானில் சாலையோரம் பேருந்துக்கு நிற்கும் சிறுவனின் சட்டையை ஒவ்வொரு லோரியும் ஒருமுறை உதறிவிட்டுத்தான் செல்கிறது. உடம்பில் பட்ட காற்றைப் பற்றி அவன் சிந்திக்கிறான். இந்தச் சிந்தனைக்கு ஒரு வரலாறு உண்டு. அதனை அறிந்தபின் அவனுக்கு என்ன விடை சொல்வது என்பதே எனக்கு முக்கியமாகப் படுகிறது.

முதலில் இயற்கைக் காற்றைப் பார்ப்போம். நம் வட்டாரத்தைப் பழங்காலக் கடலோடிகள் 'காற்றுக்குக் கீழே உள்ள நாடு' என்று அழைத்தனர். மலாய்மொழியில் 'டி பாவா ஆங்கின்'. இந்தியா, பாரசீகம், அரபு நாடுகளிலிருந்து வந்தவர்களோ 'ஓராங் அத்தாஸ் ஆங்கின்', அதாவது காற்றுக்கு மேலிருந்து வந்தவர்கள். பருவக்காற்றைப் பாயில் ஏந்தி வந்து சேரும் நாடு என்பதே பொருள். நம் முன்னோரின் மரக்கலங்கள் கடாரத்துக்கு வந்ததும் அந்தக் காற்றின் முதுகில்தான். ஆனால் கடலைத் தாண்டக் கொண்டுவந்த காற்று கரையேறியதும் சோர்ந்துவிடுகிறது. ஒரு பக்கம் சுமத்திரா, மறுபக்கம் தித்திவங்சா மலைத்தொடர். இடையிலுள்ள கிள்ளான் பள்ளத்தாக்குக்கு வலுவான காற்று வர வழியே இல்லை. போர்ட் சுவெட்டன்ஹாம் துறைமுகத்திற்கு இவ்விடத்தைத் தேர்ந்தமைக்கும் தீவுகள் சூழ்ந்த அமைதியான நீர்ப்பரப்பு ஒரு காரணம். கப்பலுக்கு நன்மையானது காற்றாலைக்குத் தீமையாயிற்று.

மலேசியாவின் காற்றுவளத்தை ஆராய்ந்து தேசியப் பல்கலைக்கழகத்தின் கமாருசாமான் சோப்பியான் குழுவினர் 1995இல் வெளியிட்ட கட்டுரை, கிழக்குக் கரையின் மெர்சிங்கையும் கோலத் திரங்கானுவையும் முன்னிறுத்தியது. மேற்குக் கரைக்கு அதில் பெருமை ஒன்றுமில்லை. நாட்டின் பெரும்பகுதியில் ஆண்டுச் சராசரிக் காற்று வினாடிக்கு 2 மீட்டர் அளவிலேயே நிற்கிறது. தென்சீனக் கடலின் லாயாங்-லாயாங் தீவில் 1990களில் 150 கிலோவாட் காற்றாலை ஒன்று நிறுவப்பட்டது. 2007இல் பெர்ஹெந்தியான் தீவில் 100 கிலோவாட் காற்றாலைகள் இரண்டு, சூரியத் தகடுகளோடும் டீசல் இயந்திரத்தோடும் இணைந்து அமைந்தன. எல்லாம் கிழக்கே, கடல் நடுவே.

தமிழ்நாட்டின் நிலை வேறு. மேற்குத் தொடர்ச்சி மலை ஆரல்வாய்மொழியில் ஒரு வாயிலைத் திறந்து வைத்திருக்கிறது. தென்மேற்குப் பருவக்காற்று அதன் வழியே பீறிட்டு வருகிறது. 1986இல் தூத்துக்குடியை அடுத்த முள்ளக்காட்டில் 55 கிலோவாட் காற்றாலைகளோடு தொடங்கிய முயற்சி, முப்பந்தலிலும் கயத்தாற்றிலும் காடுபோல் பெருகி, அம்மாநிலத்தின் காற்றாலைத் திறன் இன்று 10,000 மெகாவாட்டைக் கடந்துவிட்டது. அங்கே மலை செய்யும் வேலையை இங்கே லோரி செய்யாதா என்பதே நம் மாணவரின் கேள்வி. கேள்வி அழகானது!

காற்றிலிருந்து மின்சாரம் எடுக்கும் கலை முதுமையானதுதான். ஸ்காட்லாந்தின் பேராசிரியர் ஜேம்ஸ் பிளைத் 1887இல் தம் விடுமுறை இல்லத்து விளக்குகளைக் காற்றால் எரித்தார். சாலைச் சுழலிகளுக்குத் தாயும் தந்தையுமாக விளங்குபவை 1920களில் தோன்றிய இரண்டு வடிவங்கள். பின்லாந்தின் சிகுர்டு சவோனியசு, நீள்வட்டாக அறுத்த பீப்பாயின் இரு பாதிகளைச் சற்றே விலக்கி எதிரெதிராக நிறுத்தினார். நம் பிள்ளைகள் நெகிழிப் புட்டியை அறுத்துச் செய்வது அறியாமலே அவர் வடிவத்தைத்தான். பிரான்சின் ஜார்ஜ் டாரியஸ் வளைந்த அலகுகளைச் செங்குத்துத் தண்டில் பொருத்தினார். இவ்விரண்டுக்கும் காற்று எத்திசையிலிருந்து வந்தாலும் ஒன்றுதான். சாலை நடுத்தடுப்பில் ஒரு பக்கம் போகும் வண்டியின் காற்றும் மறுபக்கம் வரும் வண்டியின் காற்றும் இரண்டு கைகளால் பம்பரத்தைச் சுழற்றுவதுபோல் ஒரே திசையில் அவற்றைச் சுழற்றக்கூடும். கருத்தின் கவர்ச்சியே அங்குதான் இருக்கிறது.

அக்கவர்ச்சியை உலகறியச் செய்தவர்களுள் ஒருவர் மார்க் ஓபர்ஹோல்சர் என்னும் அமெரிக்கர். நெடுஞ்சாலை நடுத்தடுப்புச் சுவருக்குள் டாரியஸ் வகைச் சுழலிகளை அடுக்கும் அவர் வரைவு 2006இல் 'மெட்ரோபோலிஸ்' இதழின் வடிவமைப்புப் போட்டியில் பாராட்டுப் பெற்றது. பிறகு துருக்கியின் இசுதான்புல்லில் 'என்லில்' என்னும் சுழலி சாலையோரத்தில் நிறுத்திச் சோதிக்கப்பட்டது. என்லில் பண்டைய சுமேரியரின் காற்றுத் தெய்வம். 2021இல் ஆல்பா 311 என்னும் பிரித்தானிய நிறுவனம் விளக்குக் கம்பங்களில் பொருத்தும் சுழலியைக் காட்டியது. ஒவ்வொரு முறையும் செய்தித்தாள்கள் பெரிதாக எழுதின. எனினும் எந்த நாட்டு நெடுஞ்சாலையும் இன்றளவும் இம்முறையால் ஒளியூட்டப்படவில்லை.

இசுதான்புல் சோதனை நடந்த இடத்தைக் கவனித்தல் வேண்டும். அது சாதாரண நெடுஞ்சாலை அன்று. மெட்ரோபஸ் எனப்படும் தனித்தடம். நீண்ட பேருந்துகள் ஒன்றன்பின் ஒன்றாக, ஒரே கோட்டில், தடுப்பை ஒட்டி, இடைவிடாது செல்கின்றன. இத்தொழில்நுட்பத்துக்கு அதைவிட வாய்ப்பான இடம் அமைவது அரிது. நம் கூட்டரசு நெடுஞ்சாலையிலோ கெசாஸ் நெடுஞ்சாலையிலோ கனமான வண்டிகள் இடத்தடத்தில் செல்லும். நடுத்தடுப்பை ஒட்டிச் செல்பவை கார்கள். மாலை நெரிசலில் ஆயிரம் வண்டிகள் நின்றாலும் ஓர் இலைகூட அசையாது. விளக்கு தேவைப்படும் நள்ளிரவிலோ போக்குவரத்து குறைந்துவிடும்.

இனிக் கணக்குக்கு வருவோம். கணக்கு என்றதும் ஒருவரை நினைவுகூராமல் இருக்க முடியவில்லை. மலாயாவில் மின்சாரம் பயன்பட்டதாகப் பதிவான முதல் இடம் சிலாங்கூரின் ரவாங். 1894இல் அங்கு ஈயச் சுரங்கத்திற்கு மின்னாக்கியை நிறுவியவர்கள் லோக் இயூவும் நம் தம்புசாமி பிள்ளையும். பத்துமலைக் கோவிலை நிறுவியவராக மட்டுமே அவரை நம் பிள்ளைகள் அறிவர். இந்நாட்டின் மின்சார வரலாற்றின் முதல் வரியிலும் ஒரு தமிழர் பெயர் இருக்கிறது என்பதை வகுப்பில் சொன்னால் முகங்கள் மலரும். சுரங்கத்து நீரை மின்சாரத்தால் இறைப்பித்த அவ்வணிகர், போட்டது எவ்வளவு, எடுத்தது எவ்வளவு என்று பாராமல் ஒரு காசும் செலவழித்திருக்க மாட்டார். அந்தக் கண்ணோடு நாமும் பார்ப்போம்.

காற்றின் ஆற்றல் வேகத்தின் மும்மடிப் பெருக்கத்தில் வளரும். வேகம் இரட்டித்தால் ஆற்றல் எட்டு மடங்கு. பாதியானால் எட்டில் ஒன்று. ஒரு சதுர மீட்டர் பரப்பின் வழியே வினாடிக்கு 5 மீட்டர் வேகத்தில் காற்று சென்றால் அதில் 75 வாட் இருக்கும். இதில் 59.3 விழுக்காட்டுக்கு மேல் எந்தச் சுழலியாலும் எடுக்க இயலாது என்பது செர்மானியர் ஆல்பர்ட் பெட்ஸ் வகுத்த எல்லை. சிறிய சுழலி, பற்சக்கரம், மின்னாக்கி எல்லாவற்றின் இழப்பும் போக நான்கில் ஒரு பங்கு கைக்கு வந்தாலே பெரிது. ஆக 18 அல்லது 19 வாட். லோரி எழுப்பும் வீச்சு ஓரிரு வினாடிகளில் தேய்ந்துவிடுகிறது. ஆயினும் தாராள மனத்தோடு 24 மணி நேரமும் அதே வேகம் நிலைப்பதாகக் கொள்வோம். ஒரு நாளுக்கு ஏறத்தாழ 0.45 கிலோவாட் மணி. நெடுஞ்சாலை விளக்கு ஒன்று 120 வாட் என்றால் ஓர் இரவுக்கு 1.4 கிலோவாட் மணிக்கு மேல் வேண்டும். எல்லாச் சலுகையும் கொடுத்தபின்னும் விளக்குக்கு மூன்று சுழலிகள்! காற்று நாளின் கால் பங்கு நேரம்தான் வீசுகிறது என்றால் பன்னிரண்டுக்கு மேல். அதே ஒரு சதுர மீட்டர் சூரியத் தகட்டை அக்கம்பத்தின் உச்சியில் வைத்தால், நம் நாட்டு வெயிலுக்கு நாளொன்றுக்கு 0.7 கிலோவாட் மணி அளவில் தரும். அசையும் உறுப்பு இல்லை. எண்ணெய் இட வேண்டியதில்லை. புகைக்கரி அப்பிய தாங்கிகளை மாற்ற, போக்குவரத்தை நிறுத்தி ஆள் இறக்க வேண்டியதுமில்லை.

என்லில் சுழலி மணிக்கு ஒரு கிலோவாட் மணி தரும் என்று செய்திகள் எழுதின. ஒரு சதுர மீட்டர் சுழலி அவ்வளவு தர வேண்டுமாயின், அதன்மேல் மணிக்கு 60 கிலோமீட்டருக்கும் மேற்பட்ட காற்று இடைவிடாது வீசவேண்டும். இந்த எண்ணை மனத்தில் வைத்திருங்கள். சற்று நேரத்தில் மீண்டும் வேண்டியிருக்கும்.

"அப்படியானால் லோரியின் காற்றில் ஆற்றலே இல்லையா, ஐயா?" என்று ஒரு மாணவி கேட்டாள். இருக்கிறது. நிறையவே இருக்கிறது. மணிக்கு 80 கிலோமீட்டரில் செல்லும் கொள்கலன் லோரி, காற்றை விலக்குவதற்கு மட்டும் ஏறத்தாழ 45 கிலோவாட் செலவிடுகிறது. ஒரு கிலோமீட்டர் தூரத்தில் அரை கிலோவாட் மணிக்கும் சற்று அதிகமான ஆற்றல் காற்றில் கொட்டப்படுகிறது. டீசல் இயந்திரத்தின் திறனைக் கருதினால், காற்றைத் தள்ளுவதற்கென்றே கிலோமீட்டருக்கு ஏறத்தாழ 150 மில்லிலிட்டர் எண்ணெய் எரிகிறது. அறிவியல் விழாக்களில் 'இலவச ஆற்றல்' என்று எழுதி ஒட்டப்படும் காற்று இதுதான். அதற்கான விலையை லோரி உரிமையாளர் எண்ணெய் நிலையத்தில் ஏற்கெனவே செலுத்திவிட்டார்.

செலவழிந்தது போகட்டும், சிந்தியதை அள்ளலாமே என்று வாதிடலாம். வாதம் நியாயமானது. இரண்டு இடர்கள் குறுக்கே நிற்கின்றன. ஒன்று, அந்த ஆற்றலின் பெரும்பகுதி வண்டியின் பின்னே இழுபட்டுச் சுழலும் காற்றில், தடத்தின் நடுவிலேயே இருக்கிறது. அங்கே சுழலியை நிறுத்த முடியாது. ஓரத்துக்கு வருவது சிதறிய மிச்சம். மற்றொன்று நுட்பமானது. முன்செல்லும் வண்டி இழுத்துவிட்ட காற்று, பின்வரும் வண்டி போகும் திசையிலேயே நகர்கிறது. அதனால் பின்வரும் வண்டிக்குக் காற்றுத்தடை குறைகிறது. மிதிவண்டிப் பந்தய வீரர்கள் ஒருவர் பின் ஒருவராக ஒட்டிச் செல்வதும் இதற்காகவே. அக்காற்றைச் சுழலி பறித்துக்கொண்டால் பின்வரும் லோரி கூடுதல் எண்ணெய் எரிக்கும். நாம் அள்ளியது சிந்திய பால் அன்று, அடுத்தவர் குவளைப் பால்! சுரங்கப்பாதைகளில் இதே நகரும் காற்றைக் கொண்டுதான் புகையை வெளியேற்றுகின்றனர். ஒருவழிப் போக்குவரத்துள்ள பாதையில் வண்டிகளே உந்துதண்டுபோல் காற்றைத் தள்ளிச் செல்லும். அங்கும் அது வேலையற்றுத் திரியும் காற்று அன்று.

மனிதன் எழுப்பிய காற்றை மீண்டும் பிடிக்கும் முயற்சிகளில், நெடுஞ்சாலையைவிட நேர்மையான ஒன்று நம் அருகிலேயே நடந்தது. மலாயாப் பல்கலைக்கழகப் பொறியியலாளர் சோங் வென் தோங் குழுவினர் 2010களில், கட்டடங்களின் குளிர்விப்புக் கோபுரங்களிலிருந்து விசிறி வெளித்தள்ளும் காற்றின்மேல் சுழலிகளைப் பொருத்திச் சோதித்தனர். அவர்கள் அளந்தது சுழலி தந்த மின்சாரத்தை மட்டுமன்று. சுழலியை வைத்தபின் விசிறியின் மோட்டார் கூடுதல் மின்சாரம் உண்கிறதா என்பதையும் சேர்த்து அளந்தனர். நம் மாணவரின் மேசையிலும் இந்த இரண்டாவது அளவு இடம்பெற வேண்டும் என்பதே என் வேண்டுகோள். விலைமலிந்த வாட் அளவி ஒன்றை விசிறிக் கம்பிக்கும் சுவருக்கும் இடையில் பொருத்தினால் போதும். பிள்ளை பரிசு பெறாமல் போகலாம். ஆனால் ஆற்றல் அழிவின்மை விதியை ஒருநாளும் மறக்காது. நடுவர் நாற்காலியில் அமர்வோரும் அந்த அளவைக் கேட்டு வாங்கிப் படித்துப் புள்ளியிட வேண்டும்.

சற்றுமுன் சொன்ன மணிக்கு 60 கிலோமீட்டர் காற்றுக்கு வருகிறேன்.

சாலையோரத்தில் சுழலிகள் மட்டுமா இருக்கும்? மோட்டார் சைக்கிள்காரர்கள் இருக்கின்றனர். என் மாணவர்களின் தந்தையர் பலர் மோட்டார் சைக்கிளில்தான் துறைமுகத்துக்கும் கிடங்குகளுக்கும் வேலைக்குச் செல்கின்றனர். பெட்டி லோரி கடக்கும்போது அதன் முகப்பு காற்றை வெளியே தள்ளும். உடலும் வாலும் கடக்கும்போது காற்று உள்ளே இழுக்கும். ஓட்டுபவர் முதலில் ஓரத்துக்குத் தள்ளப்பட்டு, அதைச் சமாளிக்கச் சாய்ந்த கணத்தில் சக்கரங்களின் பக்கம் ஈர்க்கப்படுகிறார். மலேசியச் சாலைகளில் உயிரிழப்போருள் 60 விழுக்காட்டுக்கும் மேற்பட்டோர் மோட்டார் சைக்கிளில் சென்றவர்கள். எல்லாம் காற்றால் நேர்வதன்று. ஆயினும் ஒரு சுழலியைத் திருப்தியாகச் சுழற்றும் அளவுக்குச் சாலையோரக் காற்று வலுத்திருந்தால், அங்கே எந்த மோட்டார் சைக்கிளும் நிலையாகச் செல்ல முடியாது. விளக்கெரிக்கப் போதாத காற்றே ஆளைத் தடுமாற வைக்கப் போதுமானதாக இருக்கிறது.

இவ்விடரைக் குறைக்க இந்நாடு செய்த நற்செயல் ஒன்று கூட்டரசு நெடுஞ்சாலையிலேயே இருக்கிறது. 1970களின் தொடக்கத்தில் உலக வங்கித் திட்டத்தின் பகுதியாக அங்கு மோட்டார் சைக்கிள்களுக்கென்று தனித்தடம் அமைக்கப்பட்டது. 1990களில் மேலும் நீட்டப்பட்டது. பேராசிரியர் ராடின் உமார் முதலானோர் செய்த ஆய்வு, தனித்தடத்தால் மோட்டார் சைக்கிள் விபத்துகள் மூன்றில் ஒரு பங்குக்கும் மேல் குறைந்ததாகக் கண்டது. சுழலி வரிசைக்கு ஆகும் செலவில் துறைமுகச் சாலைகளில் இன்னும் சில கிலோமீட்டர் தனித்தடமும் தடுப்புச் சுவரும் எழுப்பலாம் என்று யாரேனும் ஒரு மாணவர் படைப்பில் எழுதினால், என் கையால் முழுப்புள்ளி இடுவேன்.

வீணாகும் காற்றைக் குறைக்கும் வழி ஒன்று இவ்வூரில் நெடுஞ்சாலைக்கும் முன்பே வந்துவிட்டது. கோலாலம்பூரிலிருந்து கிள்ளான் ஆற்றங்கரையின் புக்கிட் கூடா வரை 1886இல் இருப்புப்பாதை திறக்கப்பட்டது. பின்னர் அது ஆற்றைக் கடந்து கிள்ளானுக்கு வந்தது. 1901இல் போர்ட் சுவெட்டன்ஹாம் திறக்கப்பட்டபோது தண்டவாளம் அதன் வாசல் வரை நீண்டிருந்தது. அப்பாதையைப் பேணிக் காத்ததில் தமிழரின் உழைப்பு பெரிது. பிரிக்பீல்ட்ஸ் தமிழர் குடியிருப்பாக வளர்ந்ததே ரயில்வேயால்தான். சரக்கு வண்டியின் முகப்பில் உள்ள இயந்திரம் காற்றை ஒருமுறை கிழிக்கிறது. பின்னால் வரும் பெட்டிகள் அக்கிழிசலுக்குள்ளேயே ஓடுகின்றன. முப்பது கொள்கலன்களைச் சாலையில் கொண்டுசெல்ல முப்பது லோரிகள் முப்பது முறை காற்றை மோதவேண்டும்; ஒவ்வொன்றும் கிலோமீட்டருக்கு 150 மில்லிலிட்டர் எண்ணெயைக் காற்றுக்கே கொடுக்கவேண்டும். இன்றும் போர்ட் கிள்ளானிலிருந்து ஈப்போவுக்கும் பாடாங் பெசாருக்கும் கொள்கலன் ரயில்கள் செல்கின்றன. துறைமுகத்திற்கு நிலவழியாக வந்து போகும் பெட்டிகளில் அவற்றின் பங்கு மிகச் சிறியது. மற்றவை எல்லாம் லோரியில்தான், பண்டமாரான் பேருந்து நிறுத்தத்தைக் கடந்து.